லஞ்சம் கேட்கிறவருக்கும் கீழ்ப்படிய வேண்டுமா? (பைபிள், ரோமர் 13)

ஸ்தோத்திரம். தூத்துக்குடி பக்கம் வீடு கட்ட பிளான் அப்ரூவலுக்கு எழுதிப் போட்டு நாலு மாதமாகிறது. போன வாரம் ஆபீஸில் ஒருவர் ஃபைல் அட்டை ஓரத்தில் பென்சிலால் 15 என்று எழுதிக் காட்டி, உடனே ரப்பரால் அழித்துவிட்டார். ஆயிரத்தில்தான். சபை மூப்பர் ஒருவரிடம் கேட்டேன். "தேவனாலேயன்றி ஒரு அதிகாரமுமில்லை என்று ரோமர் 13-ல் இருக்கிறதே தம்பி, வரி மாதிரி நினைத்துக் கொடுத்துவிடுங்கள்" என்கிறார். மனசு ஒப்பவில்லை. வாடகை வேறு கழுத்தைப் பிடிக்கிறது.

பதில் 1
தம்பி, நான் 31 வருஷம் அரசு ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த பென்சிலும் ரப்பரும் எனக்கு நன்றாகத் தெரியும். வரி என்றால் ரசீது உண்டு. அந்தப் பதினைந்துக்கு ரசீது தருவாரா? ரோமர் 13 கீழ்ப்படியச் சொல்வது பதவிக்கும் சட்டத்துக்கும். நாற்காலியில் இருப்பவரின் ஆசைக்கு இல்லை. அதை எழுதிய அப்போஸ்தலன் பவுலையே பாருங்கள், அவரே காவலில் இருந்தவர். அவர் பணம் கொடுப்பார் என்று தேசாதிபதி (ரோம ஆளுநர்) பேலிக்ஸ் அடிக்கடி கூப்பிட்டுப் பேசினான் (அப்போஸ்தலர் நடபடிகள், அப். 24:26). பவுல் கொடுக்கவில்லை, இரண்டு வருஷம் காவலிலேயே இருந்தார். அதற்காக அவனை மரியாதைக் குறைவாகவும் பேசவில்லை. அப்புறம் அடுத்த தேசாதிபதி பெஸ்து வந்ததும், சட்டப்படி இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசரிடம் மேல்முறையீடு செய்தார்.

இங்கே சட்டமும் அதேதான் சொல்கிறது. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம், 7 வருஷம் வரை சிறை. கட்டாயத்தால் கொடுத்தால் 7 நாளுக்குள் புகார் செய்ய வேண்டும். ஆகவே கொடுத்தால்தான் நீங்கள் அதிகாரத்தை மீறுகிறீர்கள். மூப்பரிடம் இதைப் பதமாகச் சொல்லுங்கள்.

10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, ஃபைல் எந்தத் தேதியிலிருந்து யார் மேஜையில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தத் தாளைக் கண்டால் எங்களுக்கெல்லாம் வயிற்றைக் கலக்கும். மறுபடி கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறை.

பதில் 2
அண்ணாச்சி சொல்வது சரிதான். ஆனால் நானும் வீடு கட்டினேன், கொடுத்துத்தான் கட்டினேன். அன்றைக்கு வசனம் தெரியாமல் இல்லை, தைரியம் இல்லை. பவுலுக்கென்ன, மாதம் பிறந்தால் வாடகை கேட்க ஆளில்லை.

பதில் 1
அப். 28:30 வாசியுங்கள். ரோமாபுரியில் அவரும் இரண்டு வருஷம் வாடகை வீடுதான்.

கேட்டவர்
சிரித்துவிட்டேன் ஐயா. ஸ்டாம்பு வாங்கிவிட்டேன், நாளைக்குப் பதிவுத் தபாலில் போடுகிறேன். மனைவிதான் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.