ஹங்கேரியின் புனித மகுடம் இருக்க வேண்டிய இடம் நாடாளுமன்றமா, அருங்காட்சியகமா?

கருமேகம்: ஹங்கேரியின் புனித மகுடத்தை 2000 ஜனவரி 1 அன்று தேசிய அருங்காட்சியகத்திலிருந்து எடுத்து, புடாபெஸ்ட் நாடாளுமன்றத்தின் குவிமாட மண்டபத்தில் வைத்தார்கள். அது சரியான முடிவு என்பேன். அதைச் சூடாதவரை அந்நாட்டார் முழு மன்னராக ஏற்றதில்லை. சார்லஸ் ராபர்ட்டுக்கு இருமுறை முடிசூட்டியும் செல்லாமல், 1310-இல் இதே மகுடத்தைக் கொண்டு மூன்றாம் முறை சூட்ட வேண்டியிருந்தது. அரசதிகாரத்தின் ஊற்றாகக் கருதப்பட்ட பொருள், சட்டம் இயற்றும் இடத்தில் இருப்பதில் என்ன தவறு?

ஏடகம்: உங்கள் சான்று மன்னராட்சிக்குரியது. ஹங்கேரி 1946-இலேயே குடியரசாகிவிட்டது. மகுடத்தை அரசின் சின்னமாக உயர்த்தும்போது அதன் உண்மையான வரலாறு மங்கிவிடுகிறது என்பதே என் முதன்மையான மறுப்பு. முதல் மன்னர் ஸ்டீபன் 1000-ஆம் ஆண்டையொட்டிச் சூடிய முடி இதுதான் என்பது மரபான நம்பிக்கை. ஆனால் கீழ் வளையத்தின் எனாமல் தகடுகளில் பைசாந்தியப் பேரரசர் ஏழாம் மைக்கேலும் ஹங்கேரி மன்னர் முதலாம் கேசாவும் காணப்படுகிறார்கள். இருவரும் 1070-களில் ஆண்டவர்கள், ஸ்டீபனோ 1038-இலேயே இறந்துவிட்டார். இந்த முரணை விளக்கிக் காட்டுவது அருங்காட்சியகத்தின் வேலை; உருவிய வாளுடன் காவலர் நிற்கும் மண்டபத்தில் வணங்கத்தான் தோன்றும், ஆராயத் தோன்றாது.

கருமேகம்: தகடுகளின் காலத்தை நான் மறுக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின் முடிவில் அமெரிக்கர் கைக்குப் போய், பின்னர் ஃபோர்ட் நாக்ஸ் பெட்டகத்தில் கிடந்த மகுடத்தை, அமெரிக்க வெளியுறவு அமைச்சர் சைரஸ் வான்ஸ் 1978 ஜனவரி 6 அன்று திருப்பிக் கொடுத்ததும் இதே நாடாளுமன்றக் கட்டடத்தில்தான்.

ஏடகம்: கொடுத்த இடத்தைச் சொன்னீர்கள், நிபந்தனையை விட்டுவிட்டீர்கள். கம்யூனிஸ்ட் அரசின் உடைமையாக அன்றி மக்களின் உடைமையாக அது பொதுப் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும் என்று அமெரிக்க அதிபர் கார்ட்டரின் அரசு வலியுறுத்தியது. அதனால்தான் அருங்காட்சியகத்துக்குப் போனது.

நடுவாசல்: முடிசூட்டு மேலங்கியை இருவருமே மறந்துவிட்டீர்கள். 1031-இல் ஸ்டீபனும் அரசி கிசெல்லாவும் தேவாலயத்துக்கு அளித்த திருவுடை அது. அதில் பொன்னிழையால் தைத்த எழுத்துகளே அதைச் சொல்கின்றன. ஸ்டீபனோடு ஐயமின்றித் தொடர்புள்ள பொருள் இன்னும் அருங்காட்சியகத்தில் இருக்க, தொடர்பு ஐயத்துக்குரிய மகுடம் நாடாளுமன்றத்துக்குப் போயிருக்கிறது.

கருமேகம்: நைந்துபோன பட்டுத்துணியை இடம் மாற்றுவது ஆபத்து என்பதால்தான் அதை விட்டுவைத்தார்கள்.

ஏடகம்: மேலங்கிக்கு அதன் நலனைப் பார்த்தவர்கள், மகுடத்துக்கு எதைப் பார்த்தார்கள்?

கருமேகம்: நாட்டின் ஆயிரமாவது ஆண்டு விழாவைப் பார்த்தார்கள். அது அரசியல்தான், மகுடமும் தொடக்கம் முதலே அரசியல் பொருள்தான்.