முட்டைகள் சிவந்துபோகின்றன, அவசரம், உதவுங்கள்

லுவார்க்கரையான்: வெள்ளையாக இருந்த முட்டைகள் செங்கல் நிறத்துக்கு மாறிவிட்டன. ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. மண்ணில் ஏதோ கிருமி. என்ன மருந்து போடலாம்?

மண்வாசனை: எதன் முட்டை? கோழியா, மீனா? எந்த ஊர்?

லுவார்க்கரையான்: நத்தைதான், வேறென்ன. பிரான்ஸ். உண்பதற்காக வளர்க்கிறேன்.

கணக்குப்பிள்ளை: "வேறென்ன" என்றால், நாங்கள் சோழி உருட்டியா பார்ப்பது? எந்த இனம், சிறிய பெத்தி-கிரி நத்தையா, பெரிய பர்கண்டி நத்தையா? மண் புதிதா, பழையதா? எத்தனை டிகிரி? இவற்றைச் சொல்லாமல் மருந்து மட்டும் கேட்க வாரத்துக்கு ஒருவராவது வந்துவிடுகிறார்.

இயற்கை வேளாளன்: மண் செத்துவிட்டது, அவ்வளவுதான். சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு கலந்து ஜீவாமிர்தம் ஊற்றுங்கள். நல்ல நுண்ணுயிர் பெருகினால் கெட்டது தானே அடங்கும்.

மண்வாசனை: ஐயா, வயலுக்கு ஊற்றுவதை முட்டைப் பெட்டியில் ஊற்றச் சொல்லாதீர்கள். வெல்லமும் மாவும் பூஞ்சைக்குத்தான் விருந்து.

ஆய்வகத்தான்: அந்த நிறம் என்றால் ஃபியூசேரியம் பூஞ்சையாக இருக்கலாம். முட்டைக்குள் புகுந்து கருவை அழித்துவிடும். குழியில் ஒன்று கெட்டால் இழைகள் பக்கத்து முட்டைக்கும் படரும். லென்ஸில் பாருங்கள், பஞ்சு போலத் தெரிகிறதா? பெரிய நத்தைகள் எப்படி? அவையும் ஓட்டுக்குள் ஒடுங்கிச் சாகின்றன என்றால் சூடோமோனாஸ் பாக்டீரியாவையும் சந்தேகிக்க வேண்டும். நெரிசலில் அது வேகமாகப் பரவும்.

லுவார்க்கரையான்: பெத்தி-கிரி. 20 டிகிரி. பெரியவை நலம். பஞ்சு இருக்கிறது. போன வருட மண்தான், அப்போது நன்றாகவே பொரித்தது. அடுப்பில் சுட்டுவிடலாமா?

ஆய்வகத்தான்: சுட்டால் கெட்டது மட்டுமா சாகும்? போட்டிக்கு ஆளில்லாத மண்ணில் முதலில் விழும் பூஞ்சை வித்துக்குத்தான் ராஜ்ஜியம். அந்த மண்ணை அகற்றுங்கள், பெட்டியைக் கழுவிக் காயவையுங்கள். புது மண்ணில் சுண்ணாம்புக்கல் தூள் கலந்து, பிடித்தால் உருண்டையாக வேண்டும், பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது என்ற ஈரத்தில் வையுங்கள்.

இயற்கை வேளாளன்: ஜீவாமிர்தம் கூடாது, சுண்ணாம்பு மட்டும் ஆகுமா?

கணக்குப்பிள்ளை: சுண்ணாம்புக்கல் வேறு, சுட்ட சுண்ணாம்பு வேறு. சுட்டதைப் போட்டால் நத்தையின் பாதமே வெந்துவிடும். பள்ளிக்கூடத்துப் பாடம் இது.

இயற்கை வேளாளன்: பள்ளிக்கூடம் போகாத என் தாத்தா வைத்த தோப்பு இன்றும் காய்க்கிறது.

தென்னந்தோப்பு: தோப்பு என்றதும் கேட்கிறேன். எங்களிடம் ஆப்பிரிக்க நத்தை மொய்க்கிறது. வளர்த்து ஏற்றுமதி செய்யலாமா?

மண்வாசனை: 1847இல் கல்கத்தாவில் ஒருவர் கொண்டுவந்து விட்டதையே இன்னும் பொறுக்கிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் வேறா?

லுவார்க்கரையான்: மண் மாற்றினேன். புது முட்டைகள் வெள்ளையாகவே இருக்கின்றன. நன்றி.

ஆய்வகத்தான்: பொரித்தனவா? பழைய மண்ணை எங்கே கொட்டினீர்கள்? நத்தைப் பட்டிக்குப் பக்கத்தில் இல்லையே?