ஜவுளிக்கடை மாடியில் கூலிங் டவர்: லெஜியோனெல்லா பயமின்றி மறுபடி ஓட்டுவது எப்படி?

கேள்வி (கும்பகோணம்): ஏசியின் சூடான தண்ணீரை ஆற்றும் எங்கள் கூலிங் டவரில் சம்பு, குழாய், கண்டென்சர் எல்லாம் சேர்த்து 6,000 லிட்டர். போர் தண்ணீர்தான், டவரில் பி.எச். 8.5 வரை போகிறது. மார்கழி, தை இரண்டு மாதமும் தண்ணீரோடு அப்படியே நிற்கிறது. ஓடும்போது வாரம் ஒருமுறை ஹைப்போ (குளோரின் தரும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்) ஊற்றியும் ஃபில்லில் (தண்ணீர் பரவி வழியும் பிளாஸ்டிக் தகடுகளில்) வழவழப்பு போகவில்லை. மாசியில் நேராக ஆன் செய்யலாமா?

பதில் 1: கூடவே கூடாது. தேங்கிய தண்ணீரில் பெருகிய லெஜியோனெல்லா, அதாவது நிமோனியா உண்டாக்கும் கிருமி, ஃபேன் காற்றோடு நுண்துளியாகத் தெருவுக்கு வரும். நுரையீரலுக்குள் போவது அந்தத் துளிதான்.

ஃபேனை நிறுத்திவிட்டு பம்பை மட்டும் ஓட்டுங்கள். அந்த வழவழப்புப் படலத்தைக் கரைக்கும் பயோடிஸ்பர்சன்ட் சேருங்கள். 5 பி.பி.எம். (லிட்டருக்கு 5 மில்லிகிராம்) குளோரினுக்கு 30 கிராம் வேண்டும், அதாவது 10 சதவீத ஹைப்போ 300 மி.லி. பி.எச். 8-ஐத் தாண்டினால் இது போதாது, 15 முதல் 20 பி.பி.எம். வேண்டும்; 15-க்கே 900 மி.லி. ஆகும். இது கணக்கு மட்டுமே. வெயிலில் கிடந்த ஹைப்போ வீரியம் இழந்திருக்கும், பாசியும் குளோரினைத் தின்றுவிடும். அரைமணிக்கு ஒருமுறை டி.பி.டி. கிட்டில் (குளோரின் அளவு காட்டும் சோதனைப் பெட்டி) பார்த்து, குறைந்தால் ஊற்றி, 5 மணி நேரம் அந்த அளவிலேயே வைத்திருங்கள். பிறகு தையோசல்பேட் போட்டு குளோரினை முறித்த பின்பே வடித்துவிடுங்கள். வாய்க்காலில் விட வேண்டாம். ஃபில்லைக் கழற்றி, சம்பில் படிந்த சேற்றை வாரி, புதுத் தண்ணீரில் இதையே இன்னொரு முறை செய்யுங்கள். கழுவுபவருக்கு என்95 மாஸ்க் கட்டாயம். உப்புப் படிவுக்கு ஆசிட் போடுவதானால் ஹைப்போ துளிகூட மிச்சம் இருக்கக் கூடாது, விஷவாயு கிளம்பும்.

பதில் 2 (தஞ்சாவூர்): வாரம் ஒருமுறை ஊற்றியும் பலிக்காததற்குக் காரணம் உங்கள் பி.எச்.தான். 7.5-இல் குளோரினில் பாதி வேலை செய்யும், 8.5-இல் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. புரோமினுக்கு மாறுங்கள், அந்த பி.எச்.சிலும் பாதிக்கு மேல் வீரியம் இருக்கும். வாரத்துக்கு ஒரேயடியாக ஊற்றாமல் டோசிங் பம்ப் வைத்துத் தினமும் கொடுங்கள்.

சம்பா அறுவடைத் தூசியையும் மறக்காதீர்கள். தை, மாசியில் பறக்கும் வைக்கோல் தூசும் உமியும் சம்பில் விழுந்து ஊறினால் கிருமிக்கு அதுவே தீனி.

கேள்வி கேட்டவர்: நன்றி சார். ஸ்ப்ளிட் ஏசிக்கும் இதெல்லாம் வேண்டுமா?

பதில் 1: வேண்டாம், அதில் தண்ணீரைத் தெளிக்கும் வேலையே இல்லை. டவரில் டிரிஃப்ட் எலிமினேட்டர் (காற்றோடு போகும் நுண்துளியைத் தடுக்கும் தகடு) உடையாமல், இடைவெளி இல்லாமல் இருக்கிறதா பாருங்கள். லேப் சோதனைக்கு மருந்து போட்ட உடனே தண்ணீர் எடுக்காதீர்கள், பொய்யாக நல்ல ரிசல்ட் வரும். 48 மணி நேரமாவது கழித்து, அடுத்த டோஸுக்கு முன், தையோசல்பேட் போட்ட பாட்டிலில் எடுங்கள். லெஜியோனெல்லா லிட்டருக்கு 1,000 சி.எஃப்.யூ. (லேபில் வளரும் கிருமித் திட்டுகளின் எண்ணிக்கை) தாண்டினால் ஃபேனை நிறுத்திவிட்டு முதலிலிருந்து செய்யுங்கள்.