அரைமண்டிக்கு யோகா துணையா, தொந்தரவா?

பாளை அம்மா:
மகளுக்கு 13 வயது. ஏழு வருடமாகப் பரதம் படிக்கிறாள். பாதத்தை வெளியே திருப்பி, முட்டியை மடக்கிப் பாதி உட்கார்ந்து நிற்கும் அரைமண்டியில்தான் பெரும்பாலும் ஆட்டம். தை மாதம் அரங்கேற்றம். வாரம் இரண்டு வகுப்பாக இருந்தது, இரண்டு மாதமாக ஆறு ஆகிவிட்டது. இப்போது மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குகிறாள். கேட்டால், முட்டிச் சில்லுக்குப் பின்னால் குத்துகிறதாம். எங்கள் தெருவில் யோகா சொல்லித்தருபவர், “தினமும் அரைமணி பத்மாசனத்துல உக்காரச் சொல்லுங்க, இடுப்பு திறந்துரும், வலி ஓடிரும்” என்கிறார். டான்ஸ் டீச்சரோ, “யோகா பக்கமே போகக்கூடாது, அடவுல அழுத்தம் போயிரும்” என்கிறார். அடவு என்றால் பரதத்தின் அடிப்படை ஆட்ட அசைவு. நான் யார் பேச்சைக் கேட்க?

பத்தமடைப் பாய்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது அக்கா? யோகாதான். சுவாமி சிவானந்தர் 1887-இல் பிறந்தது நம்ம பத்தமடையில். ரிஷிகேஷ் போய், அங்கிருந்து யோகாவை வெளிநாடு வரைக்கும் கொண்டு சேர்த்தவர். நான் நாலு வருடமாக ஆசனம் செய்கிறேன், முதுகுவலி இருந்த இடம் தெரியவில்லை. நடனம் உடம்பைத் தேய்க்கும், யோகா தேய்ந்ததைச் சரிசெய்யும். அவ்வளவுதான்.

சலங்கை டீச்சர்:
பத்தமடைத் தம்பி, உங்கள் முதுகுவலி போனதில் சந்தோஷம். ஆனால் நீங்கள் காலைத் தட்டி ஆடும் தட்டடவை ஒரு காலத்தில், அதாவது ஒரு வேகத்திலாவது ஆடியதுண்டா? நான் 28 வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். நடனத்துக்கு வேண்டிய பயிற்சி நடனத்துக்குள்ளேயே இருக்கிறது. தட்டடவை மூன்று காலத்திலும் ஒழுங்காகத் தட்டினால் தொடை தானாக இறுகும். முதலில் ஆடும் அலாரிப்பு என்பதே கண், கழுத்து, தோள், கால் என்று உடம்பை ஒவ்வொன்றாக எழுப்புவதுதான். எங்கள் வாத்தியார் தட்டுக்கழியோடு உட்கார்ந்தார், பாய் விரிக்கச் சொன்னதில்லை. எங்களோடு படித்தவர்களில் முட்டிவலி என்று யாரும் சொன்னதாக ஞாபகமும் இல்லை.

யோகா வகுப்புக்குப் போய்விட்டு என்னிடம் வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். காலை அகலமாக விரித்துத் தரையோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். அரைமண்டியில் ஒரு ஜதி, அந்தத் தாளச் சொற்கட்டு, முடியும்வரை நில் என்றால் பாதியில் எழுந்துவிடுகிறார்கள். வளைவது வேறு, தாங்குவது வேறு.

டவுன் அண்ணாச்சி:
நெல்லையப்பர் கோயில் தாமிரசபையில் ஆடுகிற நடராசர் எந்த பிசியோவிடம் போனாராம்?

பாளை அம்மா:
அவருக்குத் தேய ஜவ்வு கிடையாது அண்ணாச்சி. என் பிள்ளைக்கு உண்டு.

வள்ளியூர் பிசியோ:
டீச்சர் சொன்ன கடைசி வரி நூற்றுக்கு நூறு. அதற்கு முன்னால் சொன்னதில்தான் தகராறு. உங்களோடு படித்தவர்களில் முட்டி வலித்தவர்கள் பாதியில் நின்றிருப்பார்கள் டீச்சர். நின்றவர்களை விட்டுவிட்டு எண்ணினால் யாருக்கும் வலித்திருக்காது.

அம்மா, முதலில் ஒன்று. முட்டியில் வீக்கம் இருந்தாலோ, மடக்கும்போது பூட்டிக்கொண்டாலோ, ராத்திரி தூக்கத்தில் வலித்தாலோ யோகாவும் வேண்டாம், இந்த விவாதமும் வேண்டாம், எலும்பு டாக்டரிடம் போய்விடுங்கள். அது எதுவும் இல்லையென்றால் மேலே படியுங்கள்.

அரைமண்டியில் கால் வெளிப்பக்கம் திரும்பவேண்டியது இடுப்புக் கிண்ணத்தில். அங்கே எவ்வளவு திரும்பும் என்பது ஆளுக்கு ஆள் எலும்பிலேயே வேறுபடும். போதாத பிள்ளை என்ன செய்யும்? பாதத்தை மட்டும் திருப்பி வைத்துக்கொள்ளும். தொடை ஒரு பக்கம் பார்க்கும், பாதம் இன்னொரு பக்கம் பார்க்கும். நடுவில் மாட்டிக்கொண்டு முறுக்கப்படுவது முட்டி.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். வழுவழு டைல்ஸ் மேல் சார்ட் பேப்பரை ஒட்டுங்கள். மகள் சாக்ஸ் போட்டு, குதிகால் சேர்த்து, முட்டியை மடக்காமல் நிற்கட்டும். இடுப்பிலிருந்து மட்டும் காலைத் திருப்பச் சொல்லுங்கள். எங்கே தானாக நிற்கிறதோ அங்கே பேனாவால் பாதத்தைச் சுற்றி வரையுங்கள். அப்புறம் சாக்ஸைக் கழற்றி, அதே பேப்பரில் வகுப்பில் நிற்கிற மாதிரி அரைமண்டி. அதையும் வரையுங்கள். இரண்டாவது கோடு ரொம்ப வெளியே போயிருந்தால், அந்த அதிகப்படி பெரும்பாலும் முட்டியும் கணுக்காலும் கொடுத்த கடன்தான்.

இப்போது பத்மாசனத்துக்கு வாருங்கள். இடுப்பு திரும்பாதவர் பாதத்தை இழுத்துத் தொடைமேல் வைத்தால் முறுக்கு எங்கே விழும்? அதே முட்டியில். வகுப்பில் வாங்கிய கடனுக்கு வீட்டில் வட்டி. இந்த நிலைமையில் அந்த அரைமணி வேண்டவே வேண்டாம்.

பத்தமடைப் பாய்:
அப்படியானால் யோகாவே தப்பு என்கிறீர்களா?

வள்ளியூர் பிசியோ:
இல்லை தம்பி. எந்த ஆசனம், எந்த நேரத்தில் என்பதுதான் கேள்வி. நடனக்காரப் பிள்ளைக்கு விரிவது பெரும்பாலும் ஏற்கெனவே போதும், பிடித்து நிறுத்தும் பலம்தான் குறைவு. பிட்டத்துக்கும் பின்தொடைக்கும், மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் சேதுபந்தாசனம், குப்புறப் படுத்துக் காலைத் தூக்கும் சலபாசனம். ஒற்றைக்காலில் இடுப்பு ஒரு பக்கம் சாயாமல் நிற்க விருட்சாசனம், தூக்கிய பாதத்தை முட்டிமேல் அழுத்தாமல். வீரபத்திராசனத்தில் மடக்கிய முட்டி பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேராகப் போகிறதா என்று கண்ணாடியில் பார்க்கலாம். அதே கணக்குத்தான் அரைமண்டிக்கும். வலி கூடினால் அன்றைக்கு அதை விட்டுவிடவேண்டும்.

நேரம் ரொம்ப முக்கியம். வகுப்புக்கு முன்னால் ஒரே நிலையில் நிமிடக்கணக்கில் இழுத்துப் பிடித்தால் தசையின் வேகம் கொஞ்ச நேரத்துக்கு மந்தமாகும். “அழுத்தம் போயிரும்” என்று அந்த டீச்சர் சொன்னதில் இவ்வளவு உண்மை உண்டு. வகுப்புக்கு முன்னால் பத்து நிமிடம் நடை, சூரிய நமஸ்காரம் மாதிரி அசைந்துகொண்டே செய்வது. நீட்டிப் பிடிப்பதெல்லாம் வகுப்பு முடிந்து.

சலங்கை டீச்சர்:
பேப்பரில் வரைவதெல்லாம் சரி. அந்தக் கோட்டுக்குள் நின்றால் மண்டி குறுகலாகத் தெரியும். அரங்கேற்றத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் “பாதம் திரும்பவே இல்லையே, யாரிடம் படித்தாள்?” என்று கேட்பார்கள். பதில் சொல்லவேண்டியது பிசியோவா, நானா? நீளமான உருப்படியான வர்ணம் மட்டும் முக்கால் மணி நேரம் போகும். அதுவரை அழகு குறையாமல் நிற்கவேண்டும்.

வள்ளியூர் பிசியோ:
முட்டி நேராகப் போகிற மண்டியில் இன்னும் ஆழமாக உட்காரலாம் டீச்சர். முறுக்கிய மண்டிதான் பாதியில் எழுந்துவிடும்.

மகுடம்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நாங்கள் கணியான் கூத்துக் குடும்பம். தலைமைப் பாடகரான அண்ணாவி பாட, மகுடம் என்ற பறையை அடிக்க, என் சித்தப்பா சலங்கை கட்டி, பெண் வேஷத்தில் விடிய விடிய ஆடுவார். யோகா என்ற பேச்சே வீட்டில் கிடையாது. சுடலைமாடன் கோயில் கொடை விழா என்றால் மண் தரைதான், அதுவும் தண்ணீர் தெளித்த மண். காலை வாங்கிக்கொள்ளும். இப்போது பல கோயில்களில் முன்வாசலுக்கு சிமெண்டும் டைல்ஸும் போட்டுவிட்டார்கள். அதற்கப்புறம்தான் சித்தப்பா குதிகாலைப் பிடித்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். இன்னொன்று, கொடை இல்லாத மாதங்களில் அவர் வயலுக்குப் போவார், கால் ஓய்ந்திருக்கும். இந்தப் பிள்ளைக்கு இரண்டு வகுப்பு ஒரேயடியாக ஆறு ஆகியிருக்கிறது. அதை ஏன் யாரும் பேசவில்லை? வகுப்பு எந்தத் தரையில் நடக்கிறது?

பாளை அம்மா:
மாடியில், சிமெண்ட் தரை.

சலங்கை டீச்சர்:
என்னுடையதும் சிமெண்ட்தான். மரத்தரை போடச் செலவு என்ன ஆகும் தெரியுமா? வாடகை வீட்டில் யார் போடவிடுவார்கள்?

வள்ளியூர் பிசியோ:
மகுடம் அண்ணாச்சி சொன்னதை நான் முதலிலேயே எழுதியிருக்கவேண்டும். வலி வந்த மாதமும் வகுப்பு கூடிய மாதமும் ஒன்றாக இருக்கிறது. ஆறு நாளில் இரண்டு நாளை அபிநயத்துக்கும், உட்கார்ந்து தாளம் போட்டு ஜதி சொல்வதற்கும் ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள் அம்மா. குதிக்கிற அடவையும், முழுக்க உட்காரும் முழுமண்டியையும் கொஞ்ச நாளைக்கு ஒத்திப்போடலாம். தரையை மாற்ற முடியாது, தட்டுகிற எண்ணிக்கையைக் குறைக்கலாமே. இதைச் செய்யாமல் எந்த ஆசனம் போட்டாலும் ஓட்டை வாளியில் தண்ணீர்தான்.

பத்தமடைப் பாய்:
சரி, பத்மாசனத்தை நானும் விட்டுக்கொடுக்கிறேன். அக்கா, ஒன்று மட்டும். எங்கள் ஊர் கோரைப்பாயை டைல்ஸ் மேல் விரித்து ஒற்றைக்காலில் நிற்கவிடாதீர்கள். வழுக்கும். நான் விழுந்திருக்கிறேன்.

பாளை அம்மா:
நேற்று ராத்திரி வரைந்து பார்த்தோம். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இடது காலில் இரண்டு விரல் அகலம், வலது காலில் நாலு விரல். வலிப்பதும் வலதுதான். “இவ்ளோவாம்மா?” என்று அவளே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை பேப்பரைச் சுருட்டி வகுப்புக்குக் கொண்டுபோகிறேன். டீச்சர் திட்டுவாரோ என்று பயமாகத்தான் இருக்கிறது.

சலங்கை டீச்சர்:
திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் பேப்பரைக் காட்டாமல் வராதீர்கள். நானும் இன்றைக்கு என் பிள்ளைகள் நாலு பேருக்கு வரைந்தேன். ஒருத்தியுடையதைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். வள்ளியூர்க்காரரே, அந்த சேதுபந்தாசனத்தில் பாதத்தை எங்கே வைக்கவேண்டும்?

வள்ளியூர் பிசியோ:
இடுப்பைத் தூக்கும்போது குதிகால் முட்டிக்கு நேர் கீழே வருகிற மாதிரி டீச்சர். பாதம் நேராக. வெளியே திருப்பவேண்டாம்.

சலங்கை டீச்சர்:
போட்டுப் பார்த்தேன். தானாகத் திரும்பிவிடுகிறது.