சிட்டி காலேஜில் 2 வருடம், அப்புறம் யூசி (கலிபோர்னியா பல்கலைக்கழகம்): கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு எப்படித் திட்டமிடுவது?

ஓஷன்_அவென்யூ:
பையனை வரும் ஃபாலில் (இலையுதிர்கால செமஸ்டர்) சான் பிரான்சிஸ்கோ சிட்டி காலேஜில் சேர்க்கிறோம். வீடு நகர எல்லைக்குள்ளேதான். எச்1பி வேலை விசா, பையனுக்கு எச்4 (அதைச் சார்ந்த குடும்ப விசா). கலிபோர்னியாவுக்கு வந்து 2 வருடம் தாண்டிவிட்டது, பையனுக்கு 17 வயது. பள்ளியில் ப்ரீகால்குலஸ் வரை முடித்திருக்கிறான். எச்4 என்றால் வெளிமாநிலக் கட்டணம்தான் என்கிறார்களே, சரியா? டேக் (யூசிக்கு மாறுவதற்கான இட உத்தரவாதம்) போட்டால் யூசியில் இடம் உறுதியா? காலேஜ் கவுன்சிலரைப் (ஆலோசகரை) பார்க்க 3 வாரம் ஆகும்போல, அதற்குள் என்ன செய்து வைக்கலாம்?

ஃபீஸ்கணக்கு:
சரியில்லை. எஃப்1 (மாணவர் விசா) போன்ற சில விசாக்களுக்குத்தான் அந்தத் தடை. எச்1பி, எச்4 இரண்டிலும் கலிபோர்னியா வசிப்பிடம் பெறலாம். செமஸ்டர் தொடங்குவதற்கு முந்தைய நாள் வரை 1 வருடமும் 1 நாளும் இங்கே இருந்திருக்க வேண்டும், நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்துக்கு ஆதாரமும் வேண்டும். 18 ஆகாத பிள்ளைக்குப் பெற்றோரின் வசிப்பிடமே கணக்கு. மாநில வரித் தாக்கல், டிரைவர் லைசென்ஸ், வீட்டு ஒப்பந்தம், ஐ-94 (நாட்டுக்குள் வந்த பதிவு) நகல் எல்லாம் எடுத்து வையுங்கள். ஆன்லைன் விண்ணப்பத்தில் விசா வகையைப் போட்டதும் சில நேரம் நான்-ரெசிடென்ட் என்று விழுந்துவிடும். அட்மிஷன்ஸ் அலுவலகத்தில் ஆவணம் கொடுத்தால் மாற்றுவார்கள். பில் வந்த பிறகு ஓடாதீர்கள், அதற்கு முன்பே போங்கள்.

உள்ளூர்க் கட்டணம் யூனிட்டுக்கு (பாட அளவு) 46 டாலர், 15 யூனிட்டுக்கு 690. நகரவாசிகளுக்கு 2017 முதல் ஃப்ரீ சிட்டி திட்டம் இருப்பதால் அதுவும் மிச்சமாகலாம். அதற்குத் தனியாகப் பதிய வேண்டும். ஹெல்த் ஃபீ போன்ற சில்லறைகள் வேறு.

அசிஸ்ட்_பைத்தியம்:
கவுன்சிலருக்குக் காத்திருக்க வேண்டாம். அசிஸ்ட் டாட் ஆர்க் போய், இந்தப் பக்கம் சிட்டி காலேஜ், அந்தப் பக்கம் போக நினைக்கிற யூசி, மேஜர் (முதன்மைப் பாடம்) மூன்றையும் போடுங்க. எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று வரிவரியா வரும். 3 வளாகத்துக்கு எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைங்க. ஒன்று டேட்டா ஸ்ட்ரக்சர்ஸை சி++-ல் கேட்கும், இன்னொன்று ஜாவாவில் கேட்கும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

உங்களுக்கு நிஜமான கடிகாரம் கணக்குப் பாடம். கால்குலஸ் 1, 2, 3, கூடவே லீனியர் அல்ஜீப்ரா. கால்குலஸில் ஒன்று முடியாமல் அடுத்தது கிடையாது. பிசிக்ஸும் கால்குலஸுக்குப் பின்னால்தான் நகரும். முதல் ஃபாலிலேயே கால்குலஸ் 1 எடுத்தால் 4 செமஸ்டரில் மட்டாகப் பொருந்தும். ஒன்றில் சறுக்கினால் கோடைதான் கதி. ஏபி 705 சட்டத்துக்குப் பிறகு நுழைவுத் தேர்வு வைப்பதில்லை, பள்ளி மதிப்பெண் வைத்தே பாடம் ஒதுக்குவாங்க. அதனால் "ஒரு செமஸ்டர் அல்ஜீப்ரா பார்த்துட்டு வரலாம்" என்று பின்வாங்காதீங்க.

பொதுப் பாடக் கட்டு, அதாவது கால்-கெட்சி, 34 யூனிட். கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு அதை முதலில் முடிப்பது தப்பான வரிசை. மேஜர் பாடம்தான் முதலில். இங்கிலீஷ் காம்போசிஷனை மட்டும் முதல் செமஸ்டரிலேயே முடிச்சுடுங்க.

ட்ரான்ஸ்ஃபர்மேசை:
டேக் என்பது டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆறுக்கு மட்டும். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோவுக்கு இல்லை. ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் போடலாம், செப்டம்பர் 1–30. போடும்போது பொதுவாக 30 செமஸ்டர் யூனிட் கையில் இருக்கணும், ஆக முதல் வருடம் குறைவாக எடுக்க முடியாது. மேஜரையும் பாருங்க. சான்டா பார்பராவில் கம்ப்யூட்டர் சயன்ஸ் பொறியியல் கல்லூரிக்குள் வருவதால் டேக் செல்லாது. நிபந்தனைகள் வருடா வருடம் மாறும்.

டேக் போட்டாலும் நவம்பர் கடைசிக்குள் யூசி விண்ணப்பம் தனியாக அனுப்பணும். ஜனவரியில் ஃபால் மதிப்பெண்ணை அப்டேட் செய்யவும் வேண்டும். டேக் கையில் இருந்தும் இதை மறந்து இடத்தை இழப்பவர்கள் உண்டு.

இன்னொன்று: பையனுக்கு 21 ஆகும் தேதியைக் காலண்டரில் குறிங்க. அன்றோடு எச்4 முடியும். எஃப்1-க்கு மாறினால் யூசியில் உள்ளூர்க் கட்டணம் நிற்குமா என்று அந்த வளாகத்தின் ரெசிடென்ஸி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்க. நம்மைப் போன்றவர்கள் ஃபோரத்தில் சொல்வதை நம்பாதீங்க.

ஓஷன்_அவென்யூ:
நன்றி. கால்குலஸ் 1 எல்லா செக்‌ஷனும் நிரம்பியே காட்டுகிறது. அப்போது?

அசிஸ்ட்_பைத்தியம்:
வெயிட்லிஸ்டில் போட்டுட்டு முதல் நாள் வகுப்பில் நேரில் உட்காரச் சொல்லுங்க. வராதவர்களை ஆசிரியர் அன்றே நீக்குவார், காலி இடத்துக்கு ஆட் கோட் (வகுப்பில் சேர்வதற்கான எண்) தருவார். கோட் வாங்கினால் மட்டும் போதாது, கெடு முடிவதற்குள் போர்ட்டலில் போட்டுப் பதிவு ஆனதா என்று பார்க்கணும். அடுத்த செமஸ்டருக்கு ஓரியன்டேஷனும் எஜுகேஷன் பிளானும் இப்பவே முடிச்சு வைத்தால் பதிவு வரிசை முன்னால் வரும்.

பிடிக்காத வகுப்பை சென்சஸ் தேதிக்கு (காலேஜ் மாணவர் எண்ணிக்கை எடுக்கும் நாள்) முன் விட்டால் சுவடே இருக்காது. அதற்குப் பின் விட்டால் "டபிள்யூ" (பாதியில் விட்டதற்கான குறி) விழும், ஒரே பாடத்துக்கு அனுமதிக்கும் முயற்சிகளில் ஒன்றும் போகும்.