கென் ஆண்டர்சனை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்காததற்கு என்னதான் காரணம்?

வரிப்புலி9:
அமெரிக்க கால்பந்து லீகில் சின்சினாட்டி நகரின் பெங்கால்ஸ் அணிக்கு ஜோ பர்ரோ வந்த பிறகு ஆட்டம் பார்க்க ஆரம்பித்தவன் நான். 2021 செப்டம்பரில் ஜாகுவார்ஸோடு நடந்த ஆட்டத்தின் இடைவேளையில் அணியின் 'ரிங் ஆஃப் ஆனர்' விழாவை டிவியில் பார்த்தேன். பால் பிரவுன், அந்தோணி முன்யோஸ், கென் ரைலி, கென் ஆண்டர்சன் என்று நான்கு பெயர்கள். மற்ற மூவரும் இன்று கான்டனில், அதாவது ஒஹாயோவின் அந்த ஊரில் இருக்கும் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவப் பட்டியலில், இருக்கிறார்கள். ரைலியைக்கூட 2023-ல் சேர்த்துவிட்டார்கள். அணியின் பழைய குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஆண்டர்சன் மட்டும் வெளியே நிற்கிறார். 1996-லும் 1998-லும் இறுதிப் பட்டியல் வரை போய்த் திரும்பியிருக்கிறார்.

கூட வேலை பார்க்கும் ஒருவரிடம் கேட்டேன். "சூப்பர் பவுல் தோத்தவன்டா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். லீகின் சாம்பியனை முடிவுசெய்யும் அந்த ஆட்டத்தில் தோற்றது, அவ்வளவுதானா? அவர் ஆடியதை நேரில் பார்த்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள்.

பிட்ஸ்பர்க்_ரசிகன்:
எதிர் அணியான பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் ரசிகன் நான், இருந்தாலும் நியாயமாகச் சொல்ல முயற்சி செய்கிறேன். தொடக்க குவாட்டர்பேக்காக அவருடைய கணக்கு 91 வெற்றி, 81 தோல்வி. பிளேஆஃபில் (சீசனுக்குப் பிறகு வரும் நாக்அவுட் சுற்று) 2 வெற்றி, 4 தோல்வி. அந்த இரண்டுமே 1981 சீசனில் வந்தவை. 197 டச்டவுன் (கோல் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்த பாஸ்), 160 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட பாஸ்). நல்ல ஆட்டக்காரர், மறுக்கவில்லை. ஆனால் ஓட்டுப் போடுகிறவர்களில் 80 சதவீதம் பேர் 'ஆம்' சொல்ல வேண்டும். சூப்பர் பவுல் ஜெயித்தவர்களுக்குக் கிடைக்கும் மோதிரம் இல்லாமல் அந்த எண்ணிக்கையைத் தொடுவது கஷ்டம்.

ஆற்றங்கரை:
தம்பி வரிப்புலி, நான் பார்த்திருக்கிறேன். 1978-ல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தவன். இந்த ஆட்டத்தின் விதிகளையே ஆண்டர்சனைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வந்தபோது ஊரில் யாருக்கும் அவர் மேல் நம்பிக்கை இல்லை. 1974, 1975 இரண்டு வருடமும் பாஸர் ரேட்டிங்கில் (எறிவின் தரத்தை அளக்கும் எண்) லீகிலேயே முதல் இடத்தில் இருந்தவர், அதற்குப் பிறகு தொடர்ந்து அடிவாங்கினார். பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 1978-ல் சீசன் தொடங்கும் முன்பே கை எலும்பு முறிந்தது. 1979-ல் அணி தன் முதல் தேர்வில் ஜாக் தாம்சன் என்ற குவாட்டர்பேக்கை எடுத்தது; அந்த வருட டிராஃப்டிலேயே (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) மூன்றாவது ஆள் அவர். ஆண்டர்சன் கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் பேசினார்கள்.

1981-ன் முதல் ஆட்டம் சியாட்டிலோடு. இரண்டு இன்டர்செப்ஷன், 21-0 என்று பின்தங்கிய நிலையில் அவரை வெளியே உட்கார வைத்தார்கள். தாம்சனுக்குக் காயம் என்பதால் மூன்றாவது ஆளான டர்க் ஷோனர்ட் உள்ளே வந்தார். அந்த ஆட்டத்தை 27-21 என்று அணி ஜெயித்தேவிட்டது. ஒரு முப்பத்திரண்டு வயது ஆட்டக்காரருக்கு இதைவிட மோசமான ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். ஆனால் பயிற்சியாளர் ஃபாரஸ்ட் கிரெக் அடுத்த வாரமும் அவரையே இறக்கினார். அந்த சீசன் முடியும்போது 3,754 யார்டு, 29 டச்டவுன், 10 இன்டர்செப்ஷன், அணிக்கு 12-4. லீகின் எம்விபி, அதாவது மிகச் சிறந்த ஆட்டக்காரர், அவர்தான்.

அடுத்து 1982 ஜனவரி 10. சான் டியேகோ சார்ஜர்ஸோடு ஏஎஃப்சி (லீகின் இரண்டு பாதிகளில் ஒன்று) இறுதி ஆட்டம், ஜெயித்தால் சூப்பர் பவுல். 'ஃப்ரீசர் பவுல்' என்று இப்போதும் சொல்வார்கள். ஆய்வுக்கூடத்தில் கூட இருந்த ஒருவர், "என்னால் இந்தக் குளிரில் முடியாது, நீ போ" என்று டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டார். மைனஸ் 9 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் மைனஸ் 23 செல்சியஸ். ஆற்றுப் பக்கமிருந்து வந்த காற்றைச் சேர்த்து அன்று மைனஸ் 59 ஃபாரன்ஹீட் என்று அறிவித்தார்கள். இரண்டு பேன்ட், மூன்று ஸ்வெட்டர், காலுறைக்கு மேல் பிளாஸ்டிக் பை கட்டி அதற்கு மேல் ஷூ. மூச்சு விட்ட ஈரம் மஃப்ளரில் படிந்து, முதல் கால் பகுதி முடிவதற்குள் அட்டை மாதிரி விறைத்துவிட்டது. டிக்கெட் வாங்கியும் வராதவர்களின் காலி இருக்கைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. அந்த நிலையில் நம் லைன்மேன்கள் (முன்வரிசையில் நின்று தடுப்பவர்கள்) வெறும் கையோடு, சட்டைக் கை இல்லாமல் களத்துக்குள் வந்தார்கள். அரங்கம் ஒரு நிமிடம் குளிரையே மறந்தது.

எதிர்ப்பக்கம் குவாட்டர்பேக் டான் ஃபவுட்ஸ். எட்டு நாள் முன்னால் மயாமியின் புழுக்கத்தில் ஓவர்டைம் வரை போய் 41-38 ஜெயித்துவிட்டு வந்த அணி. ஃபவுட்ஸ் தாடியில் பனி ஒட்டியிருந்த படத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நீளமாக எறிந்தே பழகிய கை அவருடையது. அன்று அந்தப் பந்து காற்றில் தள்ளாடியதை மேல் வரிசையில் இருந்தே பார்க்க முடிந்தது.

ஆண்டர்சன் வேறு மாதிரி ஆடினார். பந்தை வாங்குவார், மூன்று அடி பின்னால், கடைசி அடி ஊன்றும்போதே பந்து கையை விட்டுப் போயிருக்கும். எட்டு யார்டு, ஆறு யார்டு, பக்கவாட்டில், பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்குக்கு ஒன்று. காற்று பிடிப்பதற்குள் பந்து போய்ச் சேர்ந்துவிடும். எம். எல். ஹாரிஸுக்கு ஒரு டச்டவுன், டான் பாஸுக்கு ஒன்று. 22-ல் 14 பாஸ், ஒரு இன்டர்செப்ஷன்கூட இல்லை. 27-7. திரும்பி நடக்கும்போது கால் விரல்கள் இருக்கிறதா என்றே தெரியவில்லை, ஆனாலும் சிரித்துக்கொண்டே போனோம்.

பிட்ஸ்பர்க் நண்பரே, அந்த 2 வெற்றிகளில் ஒன்று இது. எண்ணில் ஒன்று என்றுதான் இருக்கும்.

அளவுகோல்:
எண்களை வைத்தே பேசலாம் என்றால் அதுவும் அவருக்குச் சாதகம்தான். பாஸர் ரேட்டிங்கில் நான்கு முறை லீக் முதலிடம்: 1974, 1975, 1981, 1982. வருடங்களைக் கவனியுங்கள். 1978-ல் விதி மாறியது. ஐந்து யார்டுக்கு அப்பால், பாஸ் பிடிக்கும் ரிசீவர் மேல் கை வைக்கக்கூடாது, லைன்மேன்கள் கையை விரித்து நீட்டித் தடுக்கலாம். பாஸ் எறிவது அன்றிலிருந்து சுலபமானது. பழைய விதியிலும் இரண்டு முறை, புது விதியிலும் இரண்டு முறை முதலிடம் பிடித்தவர் இவர். 1974-ல் லீக் சராசரி ரேட்டிங் 70-ஐக்கூடத் தொடவில்லை. இவருடையது 95.7. அதே வருடம் ஸ்டீலர்ஸுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் 22-ல் 20 பாஸ் சேர்ந்தது. அந்தத் தடுப்பணி அந்த சீசன் முடிவில் சூப்பர் பவுலை ஜெயித்த அணி!

1982-ல் அவர் எறிந்த பாஸ்களில் 70.6 சதவீதம் போய்ச் சேர்ந்தது. சாமி பாஹ் 1945-ல் வைத்த சாதனையை உடைத்தார். அது 2009-ல் ட்ரூ பிரீஸ் வந்து மயிரிழையில் தாண்டும் வரை நின்றது. வேலைநிறுத்தத்தால் அந்த சீசன் 9 ஆட்டம்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வாழ்நாள் ரேட்டிங் 81.9. கான்டனில் இருக்கும் அவர் காலத்தவர்கள்: ஃபவுட்ஸ் 80.2, கிரீஸி 77.1, ஸ்டேப்ளர் 75.3, பிராட்ஷா 70.9. ஸ்டேப்ளர் எறிந்த இன்டர்செப்ஷன் 222, டச்டவுன் 194. ஃபவுட்ஸ் சூப்பர் பவுல் பக்கமே போனதில்லை. ஆக மோதிரம்தான் அளவுகோல் என்பதும் முழு உண்மையில்லை.

வரிப்புலி9:
ஆற்றங்கரை சார், அந்தக் குளிர் எனக்கே அடித்தது. நன்றி. ஒரு சந்தேகம். நீங்கள் சொல்லும் மூன்றடி பின்னால் போய் உடனே எறிவது, அது சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸின் குவாட்டர்பேக் ஜோ மொன்டானா, பயிற்சியாளர் பில் வால்ஷ் பாணி இல்லையா? 'வெஸ்ட் கோஸ்ட்' என்று சொல்வார்களே?

ஆற்றங்கரை:
அங்கேதான் என் மனக்குறையே இருக்கிறது, தம்பி. பெயர் மேற்குக் கடற்கரை. பிறந்தது ஒஹாயோ ஆற்றங்கரையில்.

1969-ல் பெங்கால்ஸில் கிரெக் குக் என்று ஒரு பையன், பீரங்கி மாதிரி கை. முதல் வருடமே தோள் கிழிந்து, அதோடு அவர் ஆட்டம் போயிற்று. மாற்றாக வந்த வர்ஜில் கார்ட்டருக்கு நீள எறிவு கிடையாது. அப்போது தலைமைப் பயிற்சியாளர் பால் பிரவுனிடம் உதவிப் பயிற்சியாளராக இருந்த வால்ஷ், இருக்கும் கையை வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்துக் கட்டியதுதான் அந்தக் குறும்பாஸ் முறை. 1971-ல் அகஸ்டானா என்ற சின்னக் கல்லூரியிலிருந்து மூன்றாம் சுற்றில், 67-வது ஆளாக ஆண்டர்சன் வந்தார். கணக்குப் படித்தவர். ஆடிக்கொண்டிருக்கும்போதே சட்டப் பட்டமும் வாங்கினார். எத்தனை அடி பின்னால், எந்த அடியில் எறிய வேண்டும், முதல் ஆள் மூடியிருந்தால் இரண்டாவது யார் என்று வால்ஷ் சொல்லிக்கொடுத்தது அனைத்தையும் களத்தில் முதலில் முழுதாகச் செய்து காட்டியவர் இவர். மொன்டானா அப்போது பள்ளிக்கூடம் தாண்டவில்லை.

1975-ல் 11-3. அப்படியும் பிரிவில் இரண்டாம் இடம், ஏனென்றால் ஸ்டீலர்ஸ் 12-2. ஓக்லண்டுக்குப் போய் 31-28 தோற்றார்கள். அந்த சீசனோடு பால் பிரவுன் ஓய்வு பெற்றார். அடுத்து தனக்குத்தான் பொறுப்பு வரும் என்று வால்ஷ் நினைத்தார். பில் ஜான்சனுக்குக் கொடுத்தார்கள். வால்ஷ் கிளம்பிவிட்டார். மறுவருடம் ஸ்டீலர்ஸும் 10-4, பெங்கால்ஸும் 10-4. ஸ்டீலர்ஸிடம் இரண்டு ஆட்டமும் தோற்றிருந்ததால் பிளேஆஃபே கிடையாது. பிட்ஸ்பர்க் நண்பர் 91-81 என்று சொன்னபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. உங்கள் அணி ஆறு வருடத்தில் நான்கு கோப்பை எடுத்த காலம். அதே பிரிவில் ஆண்டுக்கு இரண்டு முறை அதோடு மோதியாக வேண்டும்.

பிறகு 1982 ஜனவரி 24. பொன்டியாக்கில் ஃபார்ட்டி நைனர்ஸோடு சூப்பர் பவுல். எதிர்ப்பக்கம் பயிற்சியாளர் யார்? வால்ஷ். தன் கையால் வளர்த்த மாணவனுக்கு எதிராக அவர் நிற்கிறார்.

அன்று நான் நண்பர்களோடு டிவி முன்னால். இடைவேளையில் 20-0. ஆண்டர்சன் மேல் தவறே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆரம்பத்திலேயே நல்ல இடத்தில் பந்து கிடைத்தும் எதிரணியின் டுவைட் ஹிக்ஸ் கையில் எறிந்தார். ஆனால் நம் ரிசீவர் காலின்ஸ்வொர்த் எட்டாவது யார்டில் பந்தை நழுவவிட்டது, இடைவேளைக்குச் சில நொடி முன்னால் இன்னொருவர் கிக்ஆஃபைத் தவறவிட்டது எல்லாம் அவர் கணக்கில் வராது. மூன்றாம் பகுதியில் கோலுக்கு மூன்று யார்டில் முதல் டவுன், அதாவது நான்கு முயற்சிகளில் முதலாவது. நம் ரன்னிங் பேக் பீட் ஜான்சனிடம் கொடுத்தார்கள், ஒரு யார்டு மிச்சம். திரும்பக் கொடுத்தார்கள், நகரவில்லை. மூன்றாவது டவுனில் சார்ல்ஸ் அலெக்சாண்டருக்கு ஒரு சின்ன பாஸ். பிடித்த கணமே டான் பன்ஸ் வந்து கட்டி இழுத்து, கோட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார். நான்காவது மறுபடி ஜான்சன், மறுபடி சுவர். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் எழுந்து சமையலறைக்குப் போய் நின்றுகொண்டார்.

26-21. ஆண்டர்சன் 34-ல் 25, 300 யார்டு, இரண்டு டச்டவுன் எறிந்து ஒன்று ஓடிப் போட்டார். 25 பாஸ் அன்றைக்கு சூப்பர் பவுல் சாதனை. தோற்ற பக்கம் நின்றதால் அதை யாரும் சொல்வதில்லை. ஒரு ஐந்து புள்ளி மாறியிருந்தால் இந்தக் கேள்வியே நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். வால்ஷ் முறையின் முதல் முகமாக உலகம் ஆண்டர்சனைச் சொல்லியிருக்கும் என்று நான் மனதார நம்புகிறேன்.

பிட்ஸ்பர்க்_ரசிகன்:
1976 கணக்கு எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு 91-81-ஐ வைத்து வாதாட மாட்டேன். என் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்கிறேன். 2007 முதல் மூன்று வருடம் எங்கள் அணியில் குவாட்டர்பேக் பயிற்சியாளராக இருந்தவர் ஆண்டர்சன். 2009 பிப்ரவரியில் சூப்பர் பவுலில் எங்கள் குவாட்டர்பேக் ராத்லிஸ்பெர்கர் கடைசி நிமிடத்தில் அரிசோனாவை ஜெயித்தாரே, அந்த மோதிரம் ஆண்டர்சனிடமும் இருக்கிறது. அவரை அத்தனை வருடம் அடித்த ஊரின் மோதிரம்.

ஆற்றங்கரை:
அதை நினைவுபடுத்தியதற்கு நன்றி, நண்பரே. அன்று நான் ஸ்டீலர்ஸ் ஜெயிக்க வேண்டும் என்று கத்தினேன், வாழ்க்கையில் ஒரே முறை.

தம்பி வரிப்புலி, இன்னொன்று. பதினாறு வருடமும் ஒரே அணிக்கு ஆடினார். ஓய்வுக்குப் பிறகும் சின்சினாட்டியை மறக்கவில்லை. வளர்ச்சிக் குறைபாடு உள்ள பெரியவர்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கி நடத்துகிறார். ஸ்டேப்ளர் 2015-ல் இறந்து அடுத்த வருடம் சேர்க்கப்பட்டார். நம் ரைலி 2020-ல் இறந்தார், 2023-ல் சேர்த்தார்கள். மேடையில் நிற்க அவர் இல்லை. ஆண்டர்சன் 1949-ல் பிறந்தவர். ஹால் ஆஃப் ஃபேமில் சேருபவர்களுக்குத் தரும் அந்த மஞ்சள் கோட்டை அவரே தோளில் போட்டுக்கொள்வதைப் பார்க்க வேண்டும். அந்த வருடம் கான்டனுக்கு வண்டி எடுக்கிறேன், நீங்களும் வாருங்கள்.

வரிப்புலி9:
நான் ஓட்டுகிறேன் சார்.