புதுப்பிப்பு: எல்கேஜி வீட்டுப்பாடம், பள்ளியில் பேசிய பிறகு

ஜூன் கடைசியில் எழுதியிருந்தேன்: நான்கு வயது மகளுக்குத் தினமும் மூன்று பக்கம் எழுத்து வேலை, எழுதும்போதே அழுகிறாள், இந்தச் சின்னப் பள்ளியை மாற்றிவிடலாமா என்று. "முதலில் மிஸ்ஸிடம் பேசுங்கள்" என்றுதான் பலரும் சொன்னீர்கள். சரி என்று போய்ப் பேசினேன்.

நோட்டைக் கையோடு கொண்டுபோனேன். பென்சிலை அழுத்தி அழுத்தி 'அ' எழுதியதில் தாள் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. மிஸ் அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நோட்டு நிரம்பலைன்னா பேரன்ட்ஸ்தான் கேக்குறாங்க மேடம்" என்றார். அது எனக்கு உறைத்தது. போன வருடம் ப்ரீகேஜியில் அப்படிக் கேட்டவர்களில் நானும் ஒருத்தி.

இப்போது வாரத்துக்கு இரண்டு நாள், ஒரே பக்கம். மற்ற நாட்களில் தட்டில் ரவையைப் பரப்பி விரலால் எழுதச் சொல்கிறார்கள். மாண்டிசோரி வகுப்புகளில் உப்புத்தாள் எழுத்துகளைத் தடவவிடுவதும் இதற்காகத்தான்: எழுத்தின் வளைவு விரலுக்குப் பழகிய பிறகே பென்சில். நேற்று உப்புமாவுக்கு எடுத்து வைத்த ரவையில் அவளாகவே 'அம்மா' எழுதியிருந்தாள், புள்ளியை மட்டும் விட்டுவிட்டு. பள்ளியை மாற்றவில்லை.

பள்ளியில் ரசீது இல்லாமல் வாங்கிய 'ஆக்டிவிட்டி' பணப் பிரச்சினை மட்டும் இன்னும் தீரவில்லை. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிப்பது அரசு அமைத்த குழு. எங்கள் பள்ளிக்கான ஆணையைக் காட்டச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். தாளாளர் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.